கோட்டுக்கு மேலே நின்றவர்கள்

மாரியின் ஆடு மழையில் நனைந்தது. மாரி ஆட்டுக்குக் குடை பிடித்தான். ஆடு குடையைத் தின்றது.

அடுத்த வரியை உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். உப்பளத் தெருவிலிருந்து என்னோடு நான்காம் வகுப்புக்கு வந்த உங்களைத்தான் சொல்கிறேன். போன தை மாதம் நம்மில் ஒருத்தியின் புதுவீட்டுச் சாப்பாட்டில் யாரோ விளையாட்டாக முதல் வரியை எடுத்துவிட, பந்தியில் இருந்த நாம் எல்லாரும் கடைசி வரிவரை ஒரே குரலில் சொல்லி முடித்தோமே, நினைவிருக்கிறதா? பரிமாற வந்தவர் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகு கை கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்ட மறந்து நின்றேன். இத்தனை வருடம் கழித்தும் ஒரு சொல் பிசகவில்லை. அது என்னைத் திடுக்கிட வைத்தது. வீட்டுக்கு வந்தும் போகவில்லை.

நமக்கெல்லாம் முப்பது நெருங்குகிறது. நம் கூட்டத்தில் கொஞ்சம் எழுதக்கூடியவள் நான் என்பதால் நானே எழுதி வைக்கிறேன். என் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. இடம் கிடைத்தால் இன்னொரு முறையும் சொல்வேன். அப்படிப்பட்ட நான் அந்த ஒரு பருவத்தைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் பேசியதில்லை.

சுனாமி வந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. குப்பங்களுக்கு வலையும் படகும் வந்துகொண்டிருந்தன. நம் பள்ளிக்கு ஸ்டாப்வாட்ச் வந்தது.

அதற்கு முன் நம் காலை நேரத்தைச் சொல்ல வேண்டும். மழை விட்டுத் தை பிறந்தால் உப்பளத்தில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் பூத்த உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். அப்பா நீளக் கழி செருகிய பலகையால் இழுத்து வரப்போரம் சேர்ப்பார். அம்மா கூடையில் அள்ளித் தலையில் தூக்கிப் போய் மேட்டில் கொட்டுவார். போகிற வழியில் சிந்துவதைக் கூட்டிச் சேர்ப்பது பிள்ளைகள் வேலை. வெடித்த பாதத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் முதலில் சுள்ளென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் மரத்துவிடும். வெயில் வந்ததும் பாத்தி முழுக்க வெள்ளையாக எரியும். அந்தக் கண்ணோடு ஓடிப்போய்ப் பள்ளிக்குள் நுழைந்தால் வகுப்பறை கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருட்டாக இருக்கும். கரும்பலகை எந்தப் பக்கம், டீச்சர் எந்தப் பக்கம் என்று தெரியவே நேரம் பிடிக்கும். அதுவரை காதை நம்பித்தான் உட்கார்ந்திருப்போம்.

காதுக்கு அங்கே நிறைய வேலை இருந்தது. டீச்சர் ஒரு வரி சொல்வார். முன்வரிசை அதைத் திருப்பிச் சொல்லும். முன்வரிசை சொன்னதைப் பின்வரிசையில் நாம் சொல்வோம். புத்தகத்தில் வரிக்கு அடியில் விரல் வைத்திருக்க வேண்டும். வாய் சொல்லும்போது விரல் நகர வேண்டும். நகராத விரலுக்கு ஸ்கேல் அடி விழும். பாத்தியிலும் ஒரு பெண் பாட்டெடுத்தால் மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவார்கள், கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தது. வாய் சொல்லும், விரல் நகரும். இதற்குப் பெயர் படிப்பது. வேறு மாதிரி ஒரு படிப்பு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

வாட்ச் அக்கா புதுச்சேரியிலிருந்து ஜீப்பில் வந்தார். ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். அதனால் அந்தப் பெயர். வகுப்பில் யாருக்குப் படிப்பது கஷ்டமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லித்தர வந்திருந்தார். அதற்கு ஓர் அளவு வைத்திருந்தார். அட்டையில் உள்ள கதையை ஒரு நிமிடம் படிக்க வேண்டும். நாற்பது சொல்லுக்குக் குறைந்தால் கோட்டுக்குக் கீழே. அவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. நாற்பதைத் தாண்டினால் கோட்டுக்கு மேலே. அவர்களுக்கு உதவி தேவையில்லை.

எல்லாருக்கும் ஒரே அட்டை. மஞ்சள் நிறம், மேலே பிளாஸ்டிக் ஒட்டியது, மூலையில் குடையும் ஆடும் வரைந்திருக்கும். ஒருத்தருக்கு எளிதான பாடம், ஒருத்தருக்குக் கடினமான பாடம் என்று வந்துவிட்டால் நியாயமாக இருக்காது என்று அக்கா தலைமை ஆசிரியரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியரை நாம் பெரிய சார் என்போம். அவர் தலையாட்டினார். யோசித்துப் பார்த்தால், அக்கா சொன்னதில் தவறே இல்லை. அதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது.

வேறு அறை இல்லாததால் வராந்தாவில் மேசை போட்டார்கள். வந்த வரிசைப்படி பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கு எதிர்வீடு மளிகைக் கடைக்காரர் வீடு. அவர் மகள்தான் முதல் ஆள்; நடந்ததை மற்ற பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். வெறும் வராந்தா, புது அக்கா, கையில் வாட்ச். அவள் "மா... ரி... யின்... ஆ... டு" என்று ஒவ்வொரு எழுத்தாகக் காலை ஊன்றி ஊன்றி நடந்தாள். நிமிடம் முடிந்தபோது ஆடு குடையைத் தின்னக்கூட ஆரம்பிக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

உப்பளத் தெருப் பிள்ளைகள் வேலை முடித்து வந்து சேர்ந்தபோது வரிசை படிவரை வந்திருந்தது. நாம் வாலில் உட்கார்ந்தோம். ஒவ்வொருவராகப் போய் அதே ஆட்டைப் படித்தார்கள். திக்கிய இடத்தில் அக்கா பொறுமையாகச் சொல் எடுத்துக் கொடுத்தார். நாம் கேட்டுக்கொண்டே இருந்தோம். என் முறை வந்தபோது அது எங்கள் வீட்டு ஆடு மாதிரி ஆகியிருந்தது. விரலை வைத்தேன். கண்ணில் இன்னும் பாத்தியின் வெள்ளை மிச்சம் இருந்தது. அட்டை மஞ்சளாக மிதந்தது. வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், மழை, குடை, ஆடு எல்லாம் வரிசையாக வந்தன. வாட்ச் நிற்பதற்கு முன் கதை முடிந்துவிட்டது. அக்கா என் கன்னத்தைத் தொட்டார். அந்தக் கையில் சந்தன சோப்பு வாசனை இருந்தது. நம் தெருவிலிருந்து போன எல்லாருமே கோட்டுக்கு மேலே.

மறுநாள் நம்மைச் சீக்கிரம் வரச் சொல்லி, காலை வழிபாட்டில் பெரிய சார் தனியாக முன்னால் நிறுத்தினார். மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார்.

"விடியக்காலைல உப்பளத்துல வேலை செஞ்சிட்டு லேட்டா ஓடியாருதுங்க இந்தப் புள்ளைங்க. அதுங்க மேல. ஸ்கூலுக்கு எதிர்ல வூடு இருக்குறவங்க கீழ. வெக்கமா இல்ல?"

எல்லாரும் கைதட்டினார்கள். மளிகைக் கடைக்காரர் மகளும் தட்டினாள்.

கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கடைசி பீரியடில் தனி வகுப்பு தொடங்கியது. அங்கே சுண்டல் கொடுத்தார்கள். உடனே அதற்குச் சுண்டல் கிளாஸ் என்று பெயர் வந்தது. மளிகைக் கடைக்காரர் மகளைச் சுண்டல் என்றே கூப்பிட்டார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"போங்கடி, உப்புங்களா. நீங்க இல்லாமலே எங்க சுண்டல் நல்லாத்தான் இருக்குது," என்று திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டில் என் மதிப்பு ஏறிவிட்டது. அப்பா பாத்தியில் பக்கத்துப் பாத்திக்காரர்களிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவரிடம்கூடச் சொன்னார். உங்கள் வீடுகளிலும் அதே கதைதான் நடந்திருக்கும். ஆனால் அம்மா வேறு ஒரு கணக்குப் போட்டார். பெரிய சாரே சொல்லிவிட்டார், காலையில் வேலை செய்வதால் படிப்பு கெடவில்லை என்று. அப்படியானால் இன்னும் ஒரு பாத்தி முடித்துவிட்டுப் போகட்டும். மாசியில் உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்தது. நாம் பள்ளிக்குப் போகும் நேரம் இன்னும் தள்ளிப்போனது. டீச்சரும் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டுக்கு மேலே இருக்கிற பிள்ளைகளை ஏன் கேட்க வேண்டும்?

அந்த மாசியில்தான் அம்மாவின் குதிகால் வெடிப்பில் சீழ் வைத்தது. இரண்டு நாள் மஞ்சள் பற்றுப் போட்டார். கால் கணுக்கால்வரை வீங்கி, காய்ச்சல் வந்தது. உள்ளூரில் ஊசி போட்டவர், தாமதிக்காமல் பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். காலையில் குறித்த நேரத்துக்குள் சீட்டு வாங்காவிட்டால் அன்றைக்கு டாக்டரைப் பார்க்க முடியாது.

அப்பா தன் வாழ்நாளில் எந்தப் பஸ்ஸிலும் கேட்காமல் ஏறியவர் இல்லை. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. "ஏம்பா, இது பாண்டி போவுதா?" என்று ஒருத்தரைக் கேட்பார். அவர் சொன்னதும் ஏறிவிட மாட்டார். கொஞ்சம் தள்ளிப்போய், முதல் ஆளுக்குத் தெரியாமல் இன்னொருத்தரையும் கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் படியில் கால் வைப்பார். அந்த வழக்கத்தால் அவர் ஒரு முறைகூட வழி தவறியதில்லை.

அன்று மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் புறப்பட நின்றது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தார். அப்பா யாரையும் கேட்கவில்லை. என்னைப் பஸ்ஸுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"இன்னிக்கு எவனையும் கேக்க வேணாம். நம்மகிட்ட ஆளு இருக்குது. படி பாப்பா."

மேலே போர்டில் எழுத்துகள் இருந்தன. பார்த்தேன். நாம் பாண்டிக்குப் போகிறோம். அப்பா பாண்டி என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிறார். என் வாய் பாண்டி என்றது. நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த படிப்பு அதுதான்.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் எங்களிடம் வந்து சேர்ந்தபோது இரண்டு பக்கமும் மணிலாக் கடலை வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாண்டி வழியில் வரும் சவுக்குத் தோப்பு வரவேயில்லை. அப்பா பாண்டிக்கு மூன்று டிக்கெட் கேட்டார்.

"பாண்டியா? இது திண்டிவனம் போற வண்டிங்க. போர்டு பாக்கலியா?"

அப்பா அசையவில்லை. போர்டைப் பார்த்துத்தான் ஏறினோம், என் பெண் படித்தாள், நீங்கள்தான் போர்டை மாற்ற மறந்திருப்பீர்கள் என்று அழுத்தமாகச் சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நிமிடத்துக்கு எத்தனை சொல் படிக்கிற பெண் தெரியுமா, வாட்ச் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அவரிடமும் சண்டைக்குப் போனார். கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். எங்களை இறக்கி முன்னால் கூட்டிப்போய், போர்டைக் கையால் தட்டிக் காட்டினார்.

"இப்ப படிக்கச் சொல்லு."

அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை.

"சொல்லு பாப்பா. எல்லாரும் கேக்கட்டும்."

அதுவரை என் கண்ணில் பட்ட ஒவ்வொரு எழுத்தும் யாராவது ஒருவருடைய குரலோடுதான் வந்திருந்தது. டீச்சர் குரல், முன்வரிசைக் குரல், வராந்தாவில் திக்கிய குரல்கள். இந்தப் போர்டுக்குக் கண்டக்டர் ஒன்று சொன்னார், அப்பா ஒன்று சொன்னார்; எதைத் திருப்பிச் சொல்வது என்று தெரியவில்லை. அது பேசவில்லை. வளைவும் கோடும் புள்ளியுமாக மேலே ஒட்டிக்கொண்டு நின்றது. நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. ஜன்னல்களில் இருந்த தலைகள் எல்லாம் என்னைப் பார்த்தன. பஸ் போய்விட்டது.

அம்மாவை மைல் கல்லில் உட்கார வைத்தோம். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா அந்தக் கல்லில் இருந்த எழுத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். எதிரே மோட்டார் கொட்டகைச் சுவரில் ஏதோ விளம்பரம் இருந்தது. அது என்ன என்று கேட்டார். பிறகு ரோட்டோரம் குந்தி உட்கார்ந்தார்.

"ஒனக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியும்பா. யாராச்சும் மொதல்ல சொன்னா தெரியும்."

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அம்மா காய்ச்சல் மயக்கத்திலும் என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பாண்டி போய்ச் சேர்ந்தபோது சீட்டு கொடுப்பது முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே இருந்து மறுநாள்தான் காட்ட முடிந்தது. காலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். ஒரு நாள் தாமதித்தது நல்லதில்லை என்று டாக்டர் திட்டினார். கால் பிழைத்தது. நடை மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, உங்களுக்குத் தெரியும்.

அம்மாவை வீட்டில் விட்ட அன்றைக்கே அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். சட்டை போட்டிருந்தார். அப்பாவைச் சட்டையோடு பகலில் பார்ப்பது அபூர்வம். பெரிய சார் நாற்காலியில் இருந்தார். அன்று வாட்ச் அக்காவும் வந்திருந்தார்.

"சார், எம் பொண்ணுக்குப் படிக்கத் தெரியலீங்க சார். தனியா சொல்லித்தராங்களாமே, அதுல இதையும் சேத்துக்கணும்."

பெரிய சாருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எல்லாத் தகப்பன்களும் என் பிள்ளைக்கு நன்றாகப் படிக்க வருகிறது என்பார்கள், நீ ஒருத்தன்தான் தலைகீழாகச் சொல்கிறாய் என்றார். பிறகு முகம் மாறியது. பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி முழுநேரமும் உப்பளத்தில் விடத்தான் இந்தக் காரணமா என்று கேட்டார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். பெரிய சார் குரலைத் தாழ்த்தினார்.

"சுண்டலுக்காகன்னா சொல்லுப்பா. தப்பில்ல. ஆனா அது படிக்க வராத புள்ளைங்களுக்கு."

அப்பா துண்டை மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார். அவருக்குச் சும்மா நிற்க முடியவில்லை. பெரிய சார் கெட்டவர் இல்லை. நமக்காக அவர் உண்மையாகவே பெருமைப்பட்டார். அந்தப் பெருமையைப் பிடுங்க வந்தவராகத்தான் அப்பா அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா மெல்ல, பஸ் போர்டு விஷயத்தைச் சொன்னார். அக்கா அதைக் கவனமாகக் கேட்டார். போர்டு உயரத்தில் இருக்கும், எழுத்து வேறு மாதிரி இருக்கும், சுற்றிக் கூட்டம், குழந்தை பயந்திருக்கும் என்று சமாதானம் சொன்னார். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். அளவு மாறக் கூடாது என்பதால் அதே அட்டை.

நான் மேசைக்கு முன்னால் நின்றேன். அட்டையைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. பஸ் போர்டு என்னைக் கைவிட்டது. இது கைவிடாது. அப்பாவுக்கு இப்போது தெரிந்துவிடும், எனக்குப் படிக்க வரும் என்று. விரலை வைத்தேன். வாட்ச் சொடுக்கியது.

முன்பைவிட வேகமாக வந்தது. பெரிய சார் அப்பாவைப் பார்த்துக் கையை விரித்தார். பார்த்தாயா என்ற மாதிரி. அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் ரோட்டில் பார்த்ததும் கேட்டதும் பொய் என்று ஆகிவிட்ட ஆள் மாதிரி. பெரிய சார் அப்பாவிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் பேசி முடிக்கட்டும், நான் கொஞ்சம் நிற்கட்டும் என்று அக்கா தன் கையை விரித்து அட்டையின் மேல் வைத்தார்.

நான் நிற்கவில்லை.

எனக்கு அந்தக் கை வந்ததே தெரியவில்லை. மாரி வீட்டுக்கு ஓடினான், ஆடும் பின்னால் ஓடியது என்று சொல்லிக்கொண்டே போனேன். என் விரல் அக்காவின் விரல்கள் மேல் ஊர்ந்தது. ஒரு வரி முடிந்ததும் கீழே இறங்கி, அடுத்த வரிக்கு அவர் மோதிரத்தின் ஓரத்திலிருந்து மறுபடி தொடங்கியது. அக்கா குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சாரின் பேச்சு பாதியில் நின்றது. அறையில் என் குரல் மட்டும் இருந்தது. மழை நின்றது. ஆடு மாரியைப் பார்த்து மே என்றது. முடிந்தது.

நிமிர்ந்தேன். அக்காவின் முகம் வெளிறியிருந்தது. கை அட்டையின் மேலேயே இருந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். உங்களுக்கு எதற்கு என்று தெரிந்திருக்காது. ஒவ்வொருவராக வந்து நின்றீர்கள். இரண்டு வரி போனதும் அக்கா கையை வைப்பார். உங்கள் விரலும் அந்தக் கையின் மேல் ஊர்ந்து போகும். ஒருவரும் நிற்கவில்லை. நான் அப்பாவின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எவ்வளவு அழகாகப் படித்தீர்கள். அக்கா ஒவ்வொரு முறையும் இந்தப் பிள்ளையாவது நிற்கும் என்று எதிர்பார்ப்பதுபோல் முகத்தைப் பார்த்தார். கடைசியில் என்ன தோன்றியதோ, சுண்டல் கிளாஸிலிருந்து மளிகைக் கடைக்காரர் மகளை அழைத்து வரச் சொன்னார். அவள் உதட்டோரம் கடலைத் தோலோடு வந்தாள். வழக்கம்போலத் தட்டுத் தடுமாறித் தொடங்கினாள். அக்கா கையை வைத்தார்.

அவள் நின்றுவிட்டாள்.

"கைய எடுங்கக்கா. மறைக்குது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். காலை வழிபாட்டில் அவளைத்தான் வெட்கமில்லையா என்று கேட்டிருந்தார்.

அக்கா மஞ்சள் அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசினார். கடைசி பீரியட் வகுப்பில் இடமில்லை. பள்ளி தொடங்குவதற்கு முன், காலையில் சீக்கிரமே தான் வந்துவிடுவதாகவும், உப்பளத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அந்த நேரத்துக்கு வந்தால் ஒவ்வொருவருக்கும் தனியாக, ஒவ்வொரு நாளும் புது அட்டையில் சொல்லித் தருவதாகவும் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"காலையில அனுப்ப முடியுமாங்கய்யா? எல்லாரையும்?"

தன் வாதத்தில் ஜெயித்த மனிதரின் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. என் பெண்ணுக்கு ஒருத்திக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து வந்தவர் அவர்.

அப்பா வீட்டுக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேராகப் பாத்திக்குப் போனார். வெயில் இறங்கியிருந்தது. உங்கள் அப்பாக்களும் அம்மாக்களும் மேட்டில் குவித்த உப்புக்கு ஓலை போர்த்திக்கொண்டிருந்தார்கள். பள்ளி விட்டு நீங்களும் வந்து சேர்ந்திருந்தீர்கள். அப்பா சட்டையைக் கழற்றாமலே வரப்பில் ஏறி நின்றார்.

"நம்ம புள்ளைங்க எதுக்கும் படிக்கத் தெரியல."

உங்களில் ஒருத்தியின் அப்பா சிரித்துவிட்டார். "இன்னாப்பா, ஒம் பொண்ணு பெயிலுன்னா ஊரே பெயிலா?" என்றார். அப்பா பதிலுக்குச் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். அவருக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது.

"அட்டைய கைய வச்சு மூடிட்டாங்க. அந்தக் கையப் படிச்சுதுங்கடா."

ஓலையைப் பிடித்திருந்தவர்கள் பிடித்தபடியே நின்றார்கள். சிரித்தவர் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அது எப்படி நடக்கும் என்று ஒரு அம்மா கேட்டார். லேட்டாகப் போய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு வந்தது என்று அப்பா சொன்னார். அந்த அம்மா கையிலிருந்த ஓலையை உப்பின் மேல் போட்டார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"லேட்டா அனுப்புனது யாரு?"

காற்றில் ஓலை படபடவென்று அடித்துக்கொண்டது. அப்பா, அக்கா கேட்டதைச் சொன்னார். நாளையிலிருந்து காலையில் பிள்ளைகள் பாத்திக்கு வர மாட்டார்கள், விளைச்சல் இருக்கிற இந்த மாசியில்தான் அனுப்ப வேண்டும், அனுப்புவீர்களா என்று கேட்டார். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாதான் முதலில் தன் பிள்ளையின் கையிலிருந்த கூடையை வாங்கிக் கீழே வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வாங்கினார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் நாம் வரப்பில் நின்றோம்.

"நாளைக்கு இதுங்கதான் மொத ஆளா போய் நிக்கணும்," என்றார் அந்த அம்மா.

அப்போது நம்மில் யாரோ ஒருத்தி கேட்டாள். நானாகவும் இருக்கலாம்.

"மொத ஆளா நின்னா, யாரைக் கேட்டுப் படிக்கிறது?"